தீவகப் பாதையில் வண்டி விளக்குகள்

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அணித்தாகப் பண்ணைக் கரையிலே தொடங்கும் தாம்போதி, ஆழமில்லாத கடல்நீரேரியை ஊடறுத்து மண்டைதீவை அடைகின்றது. மண்டைதீவுச் சந்தியைக் கடந்து செல்லும் பாதை அல்லைப்பிட்டி, வேலணை ஆகிய ஊர்களைத் தொட்டு, ஒருபுறம் ஊர்காவற்றுறைக்கும், மறுபுறம் வாணர் பாலத்தின் வழியாகப் புங்குடுதீவுக்கும் பிரிகின்றது. புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். தீவக மக்களுக்குப் பட்டினத்தோடு உள்ள தொடர்பின் உயிர்நாடி இப்பாதையே எனலாம்.

பகற்காலத்தில் இவ்வழி கண்ணுக்கு இனியது. ஆழங்குறைந்த நீரில் நாட்டிய சிறகுவலைக் கம்பங்களும், இரை தேடி நிற்கும் கொக்குகளும், தொலைவிலே பனைவரிசைகளும் வழிப்போக்கனின் மனத்தைக் கவரும். இரவு வந்ததும் அதே பாதை வேறொரு முகம் காட்டுகின்றது. இரு மருங்கும் நீர் சூழ்ந்த இடங்களில், பாதையின் எல்லையைக் காட்ட ஒரு வேலியோ மரமோ இல்லை. வண்டிக்கு முன்னே விழும் வெளிச்சம் எவ்வளவு தூரமோ, ஓட்டுபவனுக்கு உலகமும் அவ்வளவு தூரமே. நெடுந்தீவிலே நள்ளிரவில் நோயுற்ற ஒருவரைப் படகிலேற்றிக் குறிகட்டுவானுக்குக் கொணர்ந்து, அங்கிருந்து யாழ்ப்பாண வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லும் வண்டியும் இவ்வழியே வரவேண்டும். பாதையோரமாக வீடு திரும்பும் கடற்றொழிலாளியின் சைக்கிளும் இவ்வழியே வரவேண்டும். முன்னவருக்கு வேகம் வேண்டும். பின்னவருக்குப் பாதுகாப்பு வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் பொறுப்பு வண்டியின் முன்விளக்கைச் சார்ந்தது. அவ்விளக்கு எவ்வாறு தோன்றி எவ்வாறு திருந்தி வந்தது என்பதை ஆராய்வது பயனுடைய செயலாகும்.

மோட்டார் வண்டிக்கு முந்திய காலத்திலே மாட்டுவண்டியின் அச்சுக்குக் கீழே ஒரு லாந்தர் தொங்கிற்று. மண்ணெண்ணெய்த் திரியின் மங்கலான ஒளி நாலைந்து முழத்துக்கு அப்பால் எட்டாது. எனினும் அக்காலத்தவர் அதனைக் குறையாகக் கருதவில்லை. யாது காரணம்? வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ ஒரு மீற்றரே நகர்ந்தது. மாடு நின்றால் வண்டியும் நின்றது. அன்றியும், வழியைக் காணும் வேலை பெரும்பாலும் மாட்டினுடையது. வண்டிக்காரன் உறங்கினாலும் மாடு பழகிய தடத்தைவிட்டு விலகாது. எனவே அந்த லாந்தர் வண்டிக்காரன் காண்பதற்காக அமைந்ததன்று. பிறர் வண்டியைக் காண்பதற்காக அமைந்தது. காண்பதும் காணப்படுவதும் என்ற இரு தொழில்களுள் இரண்டாவதே முதலிற் பிறந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு மோட்டார் வண்டி வந்தது. குதிரை வண்டியிலிருந்த எண்ணெய் விளக்குகளே முதலில் அதன் முகப்பிலும் அமர்ந்தன. அவை வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. ஆகையால் அசற்றிலீன் விளக்கு வழக்குக்கு வந்தது. கல்சியம் காபைட்டில் நீர் பட்டால் எரியத்தக்க வாயு பிறக்கும் என்பதை 1862ஆம் ஆண்டிலே செருமானிய இரசாயன அறிஞர் பிரீட்றிச் வோலர் கண்டார். மேற்பகுதியிலுள்ள தொட்டியிலிருந்து நீர் துளித்துளியாகக் கீழேயுள்ள காபைட்டின்மேல் விழும். பிறக்கும் வாயு சிறு குழாய்வழி வந்து குழிவாடியின் முன்னே வெண்மையான சுடராக எரியும். மாங்காய் பழுக்கவைக்கும் காபைட்டின் நெடியை அறிந்த நேயர்கள் அவ்விளக்கின் நெடியையும் எளிதில் ஊகிக்கலாம். அதன் ஒளி சிறந்ததே. ஆயினும் நீர் மிகுந்தால் சுடர் சீறும், குறைந்தால் அணையும், ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னரும் சாம்பற் சேற்றைக் கழுவவேண்டும், ஏற்றுவதற்கு வண்டியை நிறுத்தி, இறங்கி, காற்றுக்கு மறைத்துத் தீக்குச்சி கிழிக்கவேண்டும். மூடுமரம் ஒன்றுமில்லாத கடற்கரைப் பாதைகளில் இது எத்துணைத் தொல்லை என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தொல்லையை மின்சாரம் தீர்த்தது. 1912இல் அமெரிக்காவின் கடிலாக் வண்டியிலே சாள்ஸ் கெற்றரிங் அமைத்த முறையில், எஞ்சினைக் கிளப்புதல், தீப்பொறி உண்டாக்குதல், விளக்கேற்றுதல் ஆகிய மூன்றையும் மின்சாரமே செய்தது. அடுத்த ஆண்டில் செருமனியின் பொஷ் நிறுவனம், முன்விளக்கு, தைனமோ, அதன் மின்னை ஒழுங்குசெய்யும் கருவி ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்பனைக்குக் கொணர்ந்தது. தைனமோ எஞ்சினால் சுழன்று மின்னைப் பிறப்பித்தது. மின்கலவடுக்கு அதனைச் சேமித்தது. தங்குதன் இழை அதனை ஒளியாக்கிற்று.

ஒரு குறை நீங்கவே மற்றொரு குறை தலைகாட்டிற்று. மின்விளக்கின் ஒளி எதிரே வருபவனின் கண்ணைக் கூசச்செய்தது. இருளுக்குப் பழகிய கண்மீது பேரொளி பாய்ந்தால், அவ்வொளி அகன்ற பின்னரும் சில வினாடிகள் ஒன்றும் புலப்படாது; முதியோருக்கு அந்நேரம் இன்னும் நீளும். பிரித்தானிய வண்டிகள் சிலவற்றில் எதிர்வண்டி வரும்போது ஒரு விளக்கை அணைத்து, பாதையோர விளக்கை மாத்திரம் தாழ்த்தும் பொறி இருந்தது. ஒரே மின்குமிழில் இரண்டு இழைகளை வைத்து, ஒன்று தொலைவையும் மற்றொன்று அண்மையையும் காட்டும் உபாயத்தைச் செருமனியின் ஒஸ்றாம் நிறுவனம் 1924இல் உலகுக்கு அளித்தது. ஓட்டுபவன் ஓர் ஆளியை மிதித்ததும் ஒளி தாழும். இன்றுவரை வண்டிகளிற் காணப்படும் உயர்கதிர், தாழ்கதிர் என்ற பிரிவு இவ்வாறே ஒரே குமிழில் அமைந்தது. வண்டி விளக்கின் வரலாற்றில் இஃது அறிவியல் முன்னேற்றம் மாத்திரமன்று. எதிரே வருபவனும் ஒரு மனிதன் என்பதை இயந்திரம் ஏற்றுக்கொண்ட நாளுமாகும்.

இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஒளியே பகையாயிற்று. பிரித்தானியாவில் முன்விளக்குகள் மூடியிட்டு மறைக்கப்பட்டன; ஒடுங்கிய கீறல்கள் வழியாக மாத்திரம் ஒளி கசிந்தது. 1938இல் 6,600க்குச் சற்று மேற்பட்டிருந்த அந்நாட்டின் வீதி மரணங்கள், 1940இல் 8,600ஐத் தாண்டின. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆந் திகதி கொழும்பும், 9ஆந் திகதி திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உட்பட்டன; இலங்கையும் இருட்டடிப்பு இரவுகளை அறிந்தது.

போர் முடிந்த பின்னர் பிரித்தானிய வண்டிகள் யாழ்ப்பாணத்துக்குத் திரளாக வந்தன. ஒஸ்ரின் ஏ நாற்பது, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் முதலிய பெயர்கள் வாடகைக் கார்க்காரர் வாயிலே ஊர்ப்பெயர்கள்போலப் புழங்கின. மரச்சட்டங்களால் உடலமைத்த தட்டிவான்கள் மூட்டைகளையும் மக்களையும் ஒருங்கே சுமந்தன. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நாட்டின் வண்டிகளுக்குப் பொதுவான ஒழுங்கை வகுத்தது. 1958ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றி, பஸ் சேவையைத் தன் பொறுப்பில் ஏற்றது.

இவ்வண்டிகளின் விளக்குகளுக்குத் தீவகத்திலே ஒரு தனிப்பகை இருந்தது, அதுதான் உப்புக்காற்று. வெள்ளி முலாம் பூசிய குழிவாடி உப்பீரத்தால் கறுக்கும். கறுத்த ஆடி ஒளியைத் தெறிப்பதற்குப் பதிலாக விழுங்கும். மின்கம்பி முனைகள் பச்சைபூத்து அரிக்கும். வண்டியின் இரும்புடலோடு மின்சுற்றை இணைக்கும் இடம் துருவேறும். இதன் விளைவு கண்ணுக்குத் தெரியாமலே வளரும். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தோடு சமமாகக் குறைவதில்லை. அதனினும் விரைந்து குறையும். மின்னழுத்தம் பத்திலொரு பங்கு குறைந்தால், ஒளி ஏறத்தாழப் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். மின்கலவடுக்கும் குமிழும் புதியனவாயிருந்தும் வெளிச்சம் மஞ்சளித்து மங்குவதன் மருமம் இதுவே.

1940ஆம் ஆண்டில் அமெரிக்கா பொதுவிதியாக்கிய அடைப்பு விளக்கு இப்பகைக்கு நல்ல மருந்தாயிற்று. இழை, ஆடி, கண்ணாடி மூன்றும் காற்றுப் புகாதவாறு ஒன்றாக உருக்கி ஒட்டப்பட்டமையால் உப்பீரம் ஆடியை அணுக இயலவில்லை. இழை அறுந்தால் விளக்கு முழுவதையும் மாற்றவேண்டும் என்பதே அதன் குறை. அதன் ஏழு அங்குல வட்ட அளவு பல நாட்டு வண்டிகளுக்கும் பொதுவாகிவிட்டது. இவ்வொற்றுமை பின்னாளில் பழைய வண்டிகளுக்குப் பேருதவி புரிந்தது. 1970ஆம் ஆண்டுகளின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதுவண்டிகள் அரிதாகவே, பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் பேணும் கலையில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் தேர்ச்சி பெற்றனர்.

மோட்டார் விளக்கைப் பற்றிக் கூறிச் சைக்கிள் விளக்கை மறப்பது முறையன்று. தீவகத்தில் மோட்டார் உடையோர் சிலர்; சைக்கிள் உடையோர் பலர். சில்லோடு உராய்ந்து சுழலும் சிறு தைனமோ ஆறு வோல்ற்று அழுத்தத்தில் மூன்று வாற்று மின்னைத் தந்தது. முன்விளக்குக்கு அதிற் பெரும்பங்கும், பின்னேயுள்ள சிவப்பு விளக்குக்கு எஞ்சியதும் சேரும். மிதிக்கும் காலே அதன் மின்னிலையம். கால் ஓய்ந்தால் வெளிச்சமும் ஓயும். பாதையோரத்தில் சைக்கிளை நிறுத்திக் காற்றுக்கு மூச்சுவாங்கும் ஒருவன், தனக்கு ஒளி மிகவும் வேண்டிய அக்கணத்திலேயே இருளில் மறைந்துவிடுகின்றான்.

அச்சிறு தைனமோவுக்கு யாழ்ப்பாணத்து வரலாற்றிலே எதிர்பாராத ஓர் இடம் கிடைத்தது. 1990ஆம் ஆண்டு சூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு வந்த மின்சாரம் அற்றது. பெற்றோல் கிட்டாப் பொருளாயிற்று. உலர்மின்கலமும் தடைப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிற்று. 1990, 1991ஆம் ஆண்டுகளின் படை நடவடிக்கைகளின்போது மண்டைதீவு உள்ளிட்ட தீவக ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் வீடுவாசலை விட்டு இடம்பெயர்ந்தனர். பண்ணைப் பாதை மக்களுக்கு மூடப்பட்டது. குடாநாட்டிலே பழைய ஒஸ்ரின் வண்டிகள், சிறிது பெற்றோலால் எஞ்சினைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயால் ஓடின. வீடுகளில், போத்தலின் அடியிலே சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்ட சிக்கன விளக்கு எரிந்தது. இரவில் வானூர்திகளுக்கு அஞ்சி வண்டிகள் விளக்கை மறைத்தோ அணைத்தோ ஊர்ந்தன. மாட்டுவண்டிக் காலத்தில் பிறர் காணவேண்டுமென்று தொங்கவிட்ட விளக்கை, பிறர் கண்டுவிடக் கூடாதென்று அணைக்க நேர்ந்த காலம் அது.

அந்நாளிலே சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச் சில்லைக் கையாற் சுழற்றி, தைனமோவிலிருந்து பிறந்த மின்னால் வானொலி கேட்டனர் மக்கள். வழியைக் காட்டப் பிறந்த கருவி செய்தியைக் கொணர்ந்தது. ஒருவர் சில்லைச் சுழற்ற, அயலவர் சூழ்ந்திருந்து கேட்டனர். சுழற்றும் கை தளர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் தளரும். வானொலி நேயர்களின் வரலாற்றில் இதனினும் நெஞ்சைத் தொடும் காட்சி வேறுண்டோ?

1996ஆம் ஆண்டுக்குப் பின்னர் தீவக மக்கள் படிப்படியாகத் திரும்பினர். 2009இல் போர் முடிவுற்றதும் பாதைகள் செப்பமாயின, வண்டிகள் பெருகின, வேகமும் பெருகிற்று. இங்கேதான் விளக்கைத் திருத்தும் வினா முன்னிலும் வலுப்பெற்றது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் பாய்கின்றது. தடையைக் கண்டு, உணர்ந்து, காலை அழுத்துவதற்குள்ளேயே 25 மீற்றர் கழிந்துவிடும். முற்றாக நிற்பதற்குள் 45 மீற்றர் வரை சென்றுவிடும். கருநிற உடையோடு செல்லும் ஒருவரைப் பழைய தாழ்கதிர் அத்தூரத்திற் காட்டுமென்று நம்புவதற்கில்லை. கட்டாக்காலி மாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

ஆகவே பழைய குமிழை அகற்றி அலசன் விளக்கைப் பொருத்துவோர் பலராயினர். ஹலோஜன் என்று கடைகளிற் கூறப்படுவது இதுவே. சாதாரண குமிழில் தங்குதன் ஆவியாகிக் கண்ணாடியைக் கறுப்பாக்கும். அலசன் குமிழில் அயடீன் அல்லது புரோமீன் ஆவி அத்தங்குதனைப் பற்றி மீண்டும் இழையிலேயே சேர்க்கும், ஆகையால் இழையை மேலும் சூடாக்கலாம், கண்ணாடியும் தெளிவாயிருக்கும். இவ்வகைக் குமிழ் ஐரோப்பிய வண்டிகளுக்கு 1962இலும், இரண்டு இழைகளையுடைய எச் நான்கு என்னும் வகை 1971இலும் வந்தன. முற்கூறிய ஏழு அங்குல வட்டத்தினுள் இதுவும் அமைவதால், ஐம்பது ஆண்டுப் பழமையான ஒஸ்ரினும் புதுக்கண் பெறலாயிற்று. தாழ்கதிரின் ஒளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

ஆயினும் பொருத்துவதற்கு முன் எண்ணவேண்டியவை உள. அக்காலத் தைனமோ தரக்கூடியது ஏறத்தாழ 20 அம்பியர் மின்னோட்டமே. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது அதுவும் கிடையாது. இரண்டு அலசன் குமிழ்கள் மாத்திரமே பத்து அம்பியர் வரை உண்ணும். இன்னும் ஒளி வேண்டுமென்று நூறு வாற்றுக் குமிழ்களைப் பொருத்தினால், மெல்லிய பழைய கம்பிகளும் ஆளியும் சூடேறிக் கருகும். பெரிய குமிழை வாங்குவதற்கு முன் மின்வழியைச் செம்மைசெய்வதே அறிவுடைமை. மின்கலவடுக்கிலிருந்து தடித்த கம்பியை நேரே விளக்குக்குக் கொணர்ந்து, இடையிலே ரிலே என்னும் கருவியை வைத்து, பழைய ஆளி அதனை மாத்திரம் இயக்குமாறு செய்தால் போதும். துருவைச் சுரண்டி உடலிணைப்பைப் புதுக்கினால், பழைய குமிழே புதிய குமிழ்போல் ஒளிரக் காணலாம்.

இக்காலத்திலே ஒளியுமிழ் இருவாயி, அதாவது எல்ஈடி, எங்கும் பரந்துவிட்டது. வெள்ளொளிக்கு வழிதிறந்த நீல ஒளியுமிழ் இருவாயிக்காக யப்பானில் பிறந்த அகசாக்கி, அமனோ, நக்கமுறா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியல் நோபெல் பரிசு கிடைத்தது. 2007இல் லெக்சஸ் வண்டியின் தாழ்கதிரிலே அமைந்த இவ்விளக்கு, குறைந்த மின்னில் நிறைந்த ஒளி தருவது, தைனமோவுக்கும் பாரமாகாது. ஆனால் அதற்கென அமைந்த ஆடியோடும் வில்லையோடும் கூடியபோதே அது நல்ல விளக்காகும். இழைக்குமிழுக்கு அமைந்த ஆடியினுள் அதனைச் செருகினால், ஒளி பிறக்கும் இடம் ஆடியின் குவியத்தோடு பொருந்தாமற் போகலாம். அப்போது ஒளி பாதையில் விழாமல் எல்லாத் திசையிலும் சிதறும். ஓட்டுபவனுக்கு முன்னே வெண்மையாகத் தெரிவதால் அவன் மகிழ்வான். எதிரே வருபவனோ குருடனாவான்.

இன்னுமொன்று. 1957 முதல் ஐரோப்பாவில் தாழ்கதிர் இரு பக்கமும் சமமாக அமைவதில்லை. எதிர்வண்டியின் பக்கம் தாழ்ந்தும், பாதையோரப் பக்கம் சற்று உயர்ந்தும் ஒளி விழும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கென வார்த்த விளக்கை இடப்பக்கம் செல்லும் இலங்கையிலே பூட்டினால், உயர்ந்த ஒளி எதிரே வருபவனின் முகத்திற் பாயும். நடந்து செல்வோர் இருக்கும் ஓரம் இருளில் ஆழும். விலைமிக்க விளக்கே வினையாகும்.

விளக்கைச் சரியான கோணத்தில் நிறுத்துதல் செலவில்லாத திருத்தம். சமதரையில் ஒரு சுவருக்கு எதிரே பத்து மீற்றர் தூரத்தில் வண்டியை நிறுத்தினால், தாழ்கதிரின் மேல்விளிம்பு விளக்கின் நடுமட்டத்திலிருந்து ஏறத்தாழப் பத்துச் சதமமீற்றர் கீழே விழவேண்டும். பின்புறத்திற் பாரம் ஏறினால் வண்டியின் முகம் நிமிரும், விளக்கும் நிமிரும். திருவிழா நாளில் நயினாதீவுக்கு ஆட்களை நிறைத்துச் செல்லும் வான் இதனை மறத்தலாகாது. சைக்கிளின் பின்னே ஒரு சிவப்புத் தெறிகண்ணாடி இருப்பின், நின்றுபோன சைக்கிளும் பிறன் வெளிச்சத்தில் உயிர்பெற்று ஒளிரும்.

இவ்வரலாற்றை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகின்றது. எண்ணெய்த் திரியிலிருந்து ஒளியுமிழ் இருவாயி வரை, ஒவ்வொரு புதிய விளக்கும் ஓட்டுபவனின் கண்ணை நீட்டிற்று. கூடவே எதிரே வருபவனின் கண்ணைச் சோதித்தது. ஒளியின் அளவைப் பெருக்கியவர்கள் பலர். அதனை உரிய இடத்தில் விழச்செய்தவர்களாலேயே பயணம் பாதுகாப்பாயிற்று. இருபுறமும் நீர் சூழ்ந்த தாம்போதியிலே கண்கூசியவன் ஒதுங்குவதற்கு இடமில்லை. நோயாளியை ஏற்றிப் பட்டினத்துக்கு விரையும் வண்டியும், வலையைச் சுமந்து மண்டைதீவுக்குத் திரும்பும் சைக்கிளும் எதிரெதிரே சந்திக்கும்போது, ஒளியைத் தாழ்த்தும் அந்தச் சிறு அசைவே இரண்டையும் கரைசேர்க்கும்.